ஆட்டம் பொறுக்காதவர்

காலை ஐந்து மணி நாற்பது. மாடியிலிருந்து இறங்கியபோது முதலில் கண்ணில் பட்டது, கூடத்தில் ஊஞ்சல் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்த கார் இஞ்சின். ஊஞ்சல் பலகையைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். இஞ்சினுக்கு அடியில் எண்ணெய் சொட்ட ஒரு பழைய வாணலி. அதன் பக்கத்தில் பனியனும் நாலு முழ வேட்டியுமாக ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். இஞ்சினின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்த இரும்புக் காதைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, மெல்ல அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையை ஒட்டிய அந்த வீட்டு மாடியறைக்கு நான் குடிவந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அறுபதுகளின் தொடக்கம். திருச்சியில் ஒரு தினசரிக்கு நிருபர் வேலை எனக்கு. வீட்டுக்காரர் பல் டாக்டர், தெப்பக்குளம் பக்கத்தில் கிளினிக் வைத்திருக்கிறார் என்று தரகர் சொல்லியிருந்தார். இஞ்சினைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

“யாரு, மாடித் தம்பியா? குனிஞ்சு போங்க. தலையில இடிச்சா இஞ்சினுக்கு ஒண்ணும் ஆகாது” என்றார் டாக்டர், கண்ணைத் திறக்காமல்.

“இதை ஏன் டாக்டர் கூடத்துல மாட்டியிருக்கீங்க?”

“ஷெட்டுல தகரக் கூரை. தாங்காது. இந்த வீட்டுல ஆடாம இருக்கறது இந்தக் கொக்கி ஒண்ணுதான். மத்த எல்லாத்துலயும் ஆட்டம் இருக்கு.”

சமையலறையிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. “அது என் ஊஞ்சல் தம்பி. பத்து நாளா நான் தரையில உக்காந்து அரிசி பொறுக்கறேன். நீங்களும் பாத்து வெச்சுக்கங்க, நாளைக்கு உங்க கட்டிலக் கேப்பாரு.”

ஆட்டம் என்பது அவர் அதிகம் சொன்ன சொல். எதைக் கண்டாலும் இரண்டு விரலால் பிடித்து அசைத்துப் பார்ப்பார். கதவின் தாழ்ப்பாள், பாங்கி கவுண்டரின் கம்பி, மலைக்கோட்டைப் படிக்கட்டின் கைப்பிடி எல்லாம் அவர் கைக்குத் தப்பியதில்லை. ஒருமுறை உறையூர் டவுன் பஸ்ஸில் மேல் கம்பியை அப்படிப் பிடித்து அசைத்துக்கொண்டு வந்தபோது கண்டக்டர் சொன்னான்: “சார், அது கம்பி. பல்லு இல்ல. விட்டுடுங்க.” டாக்டர் விடவில்லை. இறங்கும்போது, “மூணாவது ஸ்க்ரூ ஆடுது. டெப்போவுல சொல்லு” என்றார்.

காபி ஓட்டலில் மேஜை ஆடினால் மற்றவர்கள் காகிதத்தை மடித்துக் காலுக்கு அடியில் வைப்பார்கள். அவருக்கு அது ஆகாது. அடியில் மெத்து வைப்பது ஏமாற்று வேலை என்பார். எங்கள் அலுவலகத்துக்கு ஒருமுறை வந்தவர் என் மேஜையைத் தொட்டார், போய்விட்டார், மறுநாள் அரத்தோடு வந்து மற்ற மூன்று கால்களையும் ராவிச் சமப்படுத்தினார். அவர் சரிசெய்த மேஜைகள் எல்லாமே சற்றுக் குட்டையாக இருக்கும். ஆனால் ஆடாது.

அவர் மட்டும் ஓர் இடத்தில் உட்கார்ந்ததில்லை. நின்றபடியே சாப்பிடுவார். கட்டாயத்துக்கு உட்கார்ந்தால் வலது முழங்கால் தையல் மிஷின் மாதிரி ஓடிக்கொண்டிருக்கும். “ஊர்ல இருக்கற ஆட்டமெல்லாம் தெரியுது. சொந்த முழங்கால் தெரிய மாட்டேங்குது” என்பார் மனைவி. அவர் முழங்காலைக் குனிந்து பார்ப்பார். அது நிற்கும். பேச்சு தொடர்ந்ததும் மறுபடி ஓடும்.

ஆனால் கிளினிக்கில் அந்த இரண்டு விரல்களுக்கு வேறு மதிப்பு இருந்தது. துறையூர், முசிறிப் பக்கத்திலிருந்தெல்லாம் அவரிடம் வந்தார்கள். காரணம், அவர் லேசில் பல்லைப் பிடுங்க மாட்டார். வலிக்கிறது என்று நோயாளி காட்டும் பல்லை விட்டுவிட்டு, வரிசையில் ஒவ்வொன்றாகப் பிடித்து அசைத்துக்கொண்டே வருவார். கண் மூடியிருக்கும். அப்போது மட்டும் முழங்கால், தோள், எல்லாம் அடங்கியிருக்கும். ஓரிடத்தில் விரல் நிற்கும். “வலி இங்க சொல்லுது. ஆட்டம் அங்க இருக்கு” என்பார். மற்றவர்களுக்குக் கண்ணாலும் கருவியாலும் தெரியாத அசைவு அவருக்கு விரலில் தெரிந்தது. அதில் அவர் தவறியதாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இனி காருக்கு வருகிறேன். சிறிய இத்தாலியக் கார். மண்ணச்சநல்லூரில் அரிசி மில் வைத்திருந்த மாமனார், மகள் சௌகரியமாகப் போய்வரட்டும் என்று வாங்கிக் கொடுத்தது. டாக்டர் அதன் பின் இருக்கையைக் கழற்றிவிட்டு, சென்னைக்கு அப்பால் யுத்த காலத்து விமான ஓடுதளத்தில் வருடா வருடம் நடக்கும் பந்தயத்துக்குக் கொண்டுபோனார். நான் குடிவருவதற்கு முந்தைய பந்தயத்தில், வளைவில் வேகமாகத் திரும்பும்போது கியர் தானே நழுவி விழுந்துவிட்டது. மூன்றாவதாக வந்துகொண்டிருந்தவர் கடைசிக்குப் போனார். கியர் பெட்டியில் பழுது இல்லை. இஞ்சின்தான் வளைவில் ஒரு பக்கம் சாய்ந்து கியர்த் தண்டை இழுத்திருக்கிறது.

இஞ்சின் காரின் சட்டத்தில் நேராக உட்காருவதில்லை. முன்னால் இரண்டு, கியர் பெட்டிக்கு அடியில் ஒன்று, ஆக மூன்று தாங்கிகளின் மேல் உட்காருகிறது. ஒவ்வொன்றும் இரண்டு இரும்புத் தகடும் நடுவே ஒரு ரப்பர் கட்டையும். மெக்கானிக்குகள் மவுண்டிங் என்பார்கள். இஞ்சினின் நடுக்கத்தை அந்த ரப்பர் வாங்கிக்கொள்ளும், வண்டியில் இருப்பவருக்கு விடாது. டாக்டரின் கண்ணில் அதுவும் அடியில் வைத்த மெத்துதான். கடையில் இதைவிடக் கெட்டியாக ஒன்று கிடைக்காது என்றார்கள். வீட்டிலேயே செய்வது என்று தீர்மானித்தார்.

அதற்கு அவரிடம் வழி இருந்தது. பல் செட்டுகளை அந்தக் காலத்தில் சிவப்பு ரப்பரில் செய்வார்கள். கந்தகம் கலந்த ரப்பர் தகட்டை மாவுக்கட்டுச் சாந்தில் வார்த்த அச்சில் திணித்து, கனத்த மூடியும் அழுத்தம் காட்டும் மீட்டரும் வைத்த செம்புப் பானையில் ஆவியில் வேகவைத்தால் எலும்பு போல இறுகிவிடும். பிளாஸ்டிக் வந்த பிறகு அந்தப் பானை கொல்லைப்புறத்தில் சும்மா கிடந்தது. அதைத் தேய்த்துக் கழுவி ஸ்டவ்வில் ஏற்றினார். தகடுகளில் வரிசையாகத் துளை போட்டார். ரப்பர் துளைக்குள் புகுந்து மறுபக்கம் அகன்று பிடித்துக்கொள்ளும். செட்டில் பல்லை நிறுத்துகிற முறை அது.

தெருவெல்லாம் கந்தக நாற்றம். பக்கத்து வீட்டு அம்மாள் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து என்ன சமையல் என்று கேட்டாள்.

“எங்க வீட்டுல ரெண்டு பானைங்க. ஒண்ணுல இட்லி வேகுது. இன்னொண்ணுல கார் வேகுது” என்றார் டாக்டரின் மனைவி.

அன்று மாலை மூடியை அவசரமாகத் திறந்ததில் டாக்டரின் மணிக்கட்டில் ஆவி அடித்துவிட்டது. மனைவி கையைப் பிடித்து இழுத்து, மணிக்கட்டை விட்டுவிட்டு விரல்களை முதலில் பார்த்தார். “இந்த ரெண்டு விரல வெச்சுத்தாங்க இந்த வீட்டுல சாப்பாடு. அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அப்புறம் காராவது கீராவது.”

“விரல்ல படல.”

“படலைன்னு நீங்க சொல்றீங்க. பானைக்குத் தெரியுமா?”

முதல் மூன்று மவுண்டிங்குகள் கருஞ்சிவப்பாக வந்தன. தரையில் தட்டினால் எலும்புச் சத்தம். டாக்டருக்கு ஏகச் சந்தோஷம். மாமனார் மில்லிலிருந்து மூட்டை தூக்கும் ஆட்கள் நான்கு பேர் வந்து மூங்கிலில் இஞ்சினைக் கட்டித் தூக்கி ஷெட்டுக்குக் கொண்டுபோய்க் காரில் இறக்கினார்கள். “மூட்டைன்னா முதுகு சொல்லும். இது எந்தப் பக்கம் கனக்குதுன்னே தெரியல சாமி” என்று ஒருவர் வழியெல்லாம் புலம்பினார்.

மறுநாள் டாக்டர் என்னையும் ஏற்றிக்கொண்டு கொள்ளிடம் பாலத்தில் போனார். பாலத்தின் இணைப்புகளில் சக்கரம் ஏறி இறங்கிக்கொண்டே வந்தது. பாதிப் பாலத்தில் விறகு பிளந்த மாதிரி ஒரு சத்தம். பிறகு முன்னாலிருந்து தகரம் கிழிபடும் சத்தம். வண்டி நின்றது. முன்பக்கத்து மவுண்டிங் ஒன்று இரண்டாகப் பிளந்து, இஞ்சின் சாய்ந்து, விசிறி ரேடியேட்டரைக் கிழித்திருந்தது.

எங்களுக்குப் பின்னால் நெல் வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. “என்னங்க, பாலத்துலயே கடை போட்டுட்டீங்க? போணி ஆச்சா?” என்று முதல் வண்டிக்காரர் சத்தம் போட்டார். டாக்டர் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. உடைந்த துண்டைக் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தார்.

“தப்பு பண்ணிட்டேன் தம்பி. கை பழக்கத்துல பல்லு செட்டுக்கு வேகவெக்கிற நேரம் வெச்சு எலும்பா இறுக்கிட்டேன். அது கடிக்கற சாமான். இது கடிபடற சாமான்.”

அந்த நெல் வண்டிதான் எங்களை மண்ணச்சநல்லூர் மில் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது. மாமனார் வாசலில் நின்று, மாட்டுக்குப் பின்னால் வந்த காரை மேலும் கீழும் பார்த்தார். “வாங்க மாப்ள. இதுக்கு மாட்டையே வாங்கிக் குடுத்திருக்கலாம்” என்றார்.

அடுத்த ஒன்றரை மாதமும் வீட்டில் ரப்பர் வெந்தது. காந்தி மார்க்கெட் பக்கத்து டயர்க் கடையிலிருந்து வேகாத பச்சை ரப்பர் வாங்கிவந்து சிவப்பு ரப்பரோடு கலந்தார். வேகும் நேரத்தைக் குறைத்தார், கூட்டினார். ஒவ்வொரு கட்டையையும் இரண்டு விரலுக்கு நடுவே வைத்து அழுத்துவார். கண் மூடும். “இல்ல” என்று வைத்துவிடுவார். எனக்கு எல்லாம் ஒன்று போலவே இருந்தன. ஒருநாள் காலை, கிளினிக்குக்குக் கிளம்பும் நேரத்தில், ஒன்றை அழுத்திப் பார்த்துவிட்டுத் திரும்ப ஒருமுறை அழுத்தினார். “இதுதான்” என்றார். அதே பதத்தில் மற்ற இரண்டையும் செய்தார்.

இந்த முறை உடையவில்லை. இஞ்சின் சட்டத்தோடு ஒரே இரும்பாக உட்கார்ந்தது. கியர்த் தண்டு நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றது. மற்றதெல்லாம் நடுங்கியது. கதவுக் கண்ணாடி இரைந்தது. பின்னால் வரும் லாரி கண்ணாடியில் இரண்டாகத் தெரிந்தது. என் மூக்குக் கண்ணாடி தானே நழுவி மூக்கு நுனிக்கு வந்தது. ஸ்டீயரிங்கைப் பிடித்தால் முழங்கை வரைக்கும் தேனீக் கூட்டில் கை விட்டது போல இருந்தது. மாமனார் ஒரே ஒருமுறை டோல்கேட் வரைக்கும் வந்துவிட்டு இறங்கிக்கொண்டார். “எங்க மில்லு சல்லடையில ஏறி உக்காந்தா இதே சுகம்தான் மாப்ள. அதுக்குப் பெட்ரோல் வேணாம்” என்றார்.

டாக்டர் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. “ரோடு இப்பத்தான் பேசுது தம்பி. இத்தன நாளா ரப்பர் அதோட வாயப் பொத்தி வெச்சிருந்துச்சு” என்றார். தினமும் விடிந்ததும் துறையூர் சாலையில் போய்ப் பழகிவிட்டுத்தான் கிளினிக்குக்குப் போவார். மார்கழி முழுக்க அப்படி ஓட்டினார்.

தை பிறந்து பந்தயத்துக்குப் போனபோது நானும் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். உளுந்தூர்ப்பேட்டைக்கு முன்னால் ஒரு விளக்கு கழன்று விழுந்தது. கம்பியால் கட்டினோம். விழுப்புரத்தில் டீ குடிக்கும்போது அவர் சட்டைப் பையிலிருந்து சில்லறை எடுத்தார். காசு விரலுக்கு இடையில் நழுவித் தரையில் விழுந்தது. எடுத்தார், மறுபடி விழுந்தது. “குளிரு” என்றார். வெயில் ஏறியிருந்தது. ஓடுதளத்தில், பந்தயத்துக்குக் கொஞ்ச நேரம் முன்னால், காலை நீட்டி, “தம்பி, இந்த லேஸைக் கொஞ்சம் கட்டிவிடுங்க” என்றார். நான் குனிந்து கட்டினேன். அவர் இரண்டு கையையும் அக்குளில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றார்.

கியர் நழுவவில்லை. மூன்றாவதாக வந்தார். இறங்கியதும் கோப்பையைப் பற்றியோ நேரத்தைப் பற்றியோ கேட்கவில்லை. முன்மூடியைத் திறந்து இஞ்சினைப் பிடித்து அசைத்துப் பார்த்தார். “துளி ஆட்டமில்ல” என்றார்.

முதலில் கண்டுபிடித்தவர் மனைவிதான். ஊர் திரும்பிய மறுநாள் காலை காபி கொடுத்தார். டாக்டர் பித்தளை டம்ளரை டபராவிலிருந்து எடுத்து, வலது கையில் பிடித்தபடி எனக்குப் பந்தயத்து வளைவை விவரித்துக்கொண்டிருந்தார். வழக்கமாக இரண்டு கைக்கும் மாற்றி மாற்றி ஊதிக் குடிக்கிறவர். மனைவி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு டம்ளரை வெடுக்கென்று பிடுங்கிவிட்டு, விரல்களைத் திருப்பிப் பார்த்தார். சிவந்து போயிருந்தன.

“சுடலையா?”

“பேசிட்டிருந்தேன்ல.”

“சுடலையான்னு கேட்டேன்.”

அவருடைய முழங்கால் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வாரமே மனைவி அவரைப் பெரிய டாக்டர் ஒருவரிடம் கூட்டிப்போனார். அந்த டாக்டர் விரல் நுனியில் ஊசியால் குத்திப் பார்த்திருக்கிறார். என்ன சொன்னார் என்பதை மனைவி கூடத்தில் நின்று எனக்குச் சொன்னார், கணவருக்கும் கேட்கிற மாதிரி. “அந்த நடுக்கத்துலதான் விரல் மரத்துப்போச்சாம். காரை நிறுத்தணுமாம். இல்லாட்டி பழைய மெத்து ரப்பரப் போட்டு ஓட்டணுமாம். அப்படி ஓட்டினா உணர்ச்சி திரும்பும். இப்படியே ஓட்டினா திரும்பாதாம். வேற பேச்சே இல்லைன்னுட்டாரு.”

“அவரு மேஜையே ஆடுது. அவர்கிட்ட போய் என்ன கேக்கறது” என்றார் டாக்டர் ஷெட்டுப் பக்கம் நடந்துகொண்டே.

மாசி மாதத்தில் ஒருநாள், கோட்டைப் பக்கம் ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு, அவர்களோடு வீடு திரும்பலாம் என்று கிளினிக்கில் காத்திருந்தேன். சில நாள் மனைவி அங்கே பெண் நோயாளிகளுக்குத் துணையாக உட்கார்ந்திருப்பது வழக்கம். துறையூர்ப் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து காத்திருந்த ஓர் அம்மாள் நாற்காலியில் இருந்தார். கடலைக்காட்டு வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்.

“இதான் சாமி. பிடுங்கி எறிஞ்சிடுங்க. வெத்தல போட முடியல” என்று ஒரு பல்லைக் காட்டினார்.

டாக்டர் விரலை வைத்தார். கண்ணை மூடினார். வழக்கத்தைவிட நேரமாயிற்று. விரலை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். இடது கையை வைத்துப் பார்த்தார். பிறகு தட்டிலிருந்து குறடை எடுத்தார். குறடு அந்தப் பல்லுக்குப் பக்கம் வரைக்கும் போனது. அங்கேயே நின்றது. அவர் அதைத் தட்டில் வைத்தார்.

“இந்தா, கையக் கழுவிட்டு வா” என்றார் மனைவியைப் பார்த்து.

“நானா?”

“வா.”

மனைவி சோப்புப் போட்டுக் கழுவினார். அதுவரை ஒரு நோயாளியின் வாயில் அவர் கை பட்டதில்லை. டாக்டர் காட்டிய பல்லை இரண்டு விரலால் பிடித்தார்.

“ஆடுதா?”

“இது ஆடலைங்க.” கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். “இது ஆடுது.”

“எவ்வளவு?”

“நூல் அளவு.”

நாற்காலியில் இருந்த அம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “அம்மாவும் இதுக்குப் படிச்சவங்களா சாமி?”

“இல்ல. அவங்களுக்கு விரல் இருக்கு” என்றார் டாக்டர்.

மூவரும் முன் இருக்கையில் நெருக்கி உட்கார்ந்து காவேரிப் பாலத்தில் வீடு திரும்பும்போது காருக்குள் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. வீட்டு வாசலில் இஞ்சின் அணைந்த பிறகுதான் மனைவி பேசினார். “நாளைக்குப் பழைய ரப்பரப் போட்டுடுங்க.” அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே, “சரி” என்றார்.

போட்டார். ஒரு வாரம் கார் பூனை மாதிரி வந்து போனது. மனைவி மண்ணச்சநல்லூர் போய்வந்தார், வழியில் தூங்கியதாகச் சொன்னார். டாக்டர் ஓட்டும்போது கியர்த் தண்டின் மேலிருந்து கையை எடுப்பதில்லை. அது அவருடைய உள்ளங்கைக்கு அடியில் லேசாகத் துடித்துக்கொண்டே இருக்கும். அதையே பார்த்துக்கொண்டு வருவார், ரோட்டை அல்ல. பேச்சு குறைந்தது. இரவில் கூடத்துக்கும் ஷெட்டுக்கும் நடந்தார். எட்டாவது நாள் காலை ஜாக்கி ஏறும் சத்தம் கேட்டு நான் ஜன்னலைத் திறந்தேன். ஷெட்டு வாசலில் அவர் மனைவி கையில் காபியோடு நின்றிருந்தார். காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்களும், பக்கத்தில் கழற்றிப் போட்ட மெத்து ரப்பரும் மட்டும் வெளியே தெரிந்தன.

“டம்ளரை இங்க வெக்கறேன். பாத்து எடுங்க, சுடும்” என்றார் மனைவி. வைத்துவிட்டு உள்ளே போனார்.

அதன் பிறகு மனைவி தினமும் கிளினிக்குக்குப் போனார். பல்லைப் பிடித்துப் பார்ப்பது அவர். எவ்வளவு என்று கேட்பது டாக்டர். நூல் அளவு, அரிசி அளவு என்று அவர்களுக்குள் ஒரு கணக்கு ஏற்பட்டது. பிடுங்கும்போது குறடை டாக்டரே பிடித்தார். அதற்கு வலு போதும், உணர்ச்சி வேண்டாம் என்று எனக்கு விளக்கினார். நோயாளிகள் குறையவில்லை. ஆடி வாக்கில், பெரிய டாக்டர் சொன்னதற்கு மாறாக, இடது கையில் மட்டும் சூடு தெரிந்தது. வலது கையில் இரண்டு விரலும் அப்படியே இருந்தன.

தீபாவளி முடிந்த வாரம், அடுத்த பந்தயத்துக்கு அவர் பெயர் கொடுத்தார்.